கருமமும் கண்ணோட்டமும்

வேலூர் மாநகரின் நெரிசல் மிகுந்த சாலைகளுள் ஒன்று டாக்டர் ஐடா ஸ்கடர் பெயரால் வழங்குகிறது. பொழுது புலரும் முன்பே அங்கு வங்காளமும் அசாமியமும் இந்தியும் தெலுங்கும் ஒலிக்கத் தொடங்கிவிடும். நோயுற்றோரும் அவரைத் தாங்கி வந்தோருமாக நிறைந்து கிடக்கும் அந்தச் சாலையில், பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. பார்ப்பவர்க்கும் அது ஓர் அருள்மிகு அம்மையாரின் பெயர், அவ்வளவே. ஐடாவின் இரக்கத்தைப் பேசாத வேலூர்க்காரர் இல்லை. அவ்விரக்கத்தை ஒரு நிறுவனமாக நிற்க வைத்த கண்டிப்பைப் பேசுவோர் மிகக் குறைவு.

திருவள்ளுவர் கொடுங்கோன்மையையும் வெருவந்த செய்யாமையையும் கூறியபின் கண்ணோட்டத்தை வைத்தார். அதற்கு அடுத்த அதிகாரமோ ஒற்றாடல். இரக்கம் பேசிய வாயால் உடனே வேவு பேசுகிறாரே என்று வியப்போர் உண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆள்பவனுக்கு இரண்டும் வேண்டும். செய்யும் தொழிலுக்குக் கேடு வராதபடி இரக்கம் காட்டத் தெரிந்தவர்க்கே உலகம் உரியது என்பதும் அக்கண்ணோட்ட அதிகாரத்தில் வரும் கருத்துத்தான். இதனினும் அரிய திறம் வேறில்லை. முன்பின் யாரையும் ஆண்டறியாத ஓர் இளம்பெண், தாயகத்திற்கு அப்பால், பிறந்தும் முழுக்கத் தனதாகாத ஓர் ஊரில், அத்திறத்தை எவ்வாறு கைவரப் பெற்றார் என்பதே ஐடாவின் வாழ்க்கையில் நின்று நோக்கத்தக்க பகுதி.

1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். பாலாற்றங்கரையில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் தோலும் மணக்கும் நிலப்பகுதி அது. இராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழிலின் நாடு. பாட்டனார் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்கு நடந்துவந்த மருத்துவத் தொழிலைத் துறந்து 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர். பின்னர்த் தமிழகத்திற்குப் பெயர்ந்தவர். அவர் மக்கள் ஆர்க்காட்டுப் பகுதியில் மிஷன் பணியை நிறுவினர். ஐடாவின் தந்தையார் பெயரும் ஜான்; அவரும் மருத்துவரே. ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா.

தாது வருடப் பஞ்சம் வந்தபோது அவர் சிறுமி. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு ஊட்டும் வேலை அச்சிறு கைகளுக்கு வாய்த்தது. கையில் வாங்கித் தின்னவும் வலுவற்ற குழந்தைகள் அவை. இக்காட்சி அவரைத் தொண்டுக்கு ஈர்த்தது என்று எழுதுவது எளிது. உண்மை அதற்கு நேர் மாறானது. அவரை அது விரட்டியது. அமெரிக்காவிற்குச் சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்று, தோழியரோடு கலகலத்துத் திரிந்த நாளில், குடும்பத்தார் போல மிஷன் பணிக்கு ஒருபோதும் வருவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். புழுதியும் வெயிலும் பசியும் நிறைந்த அந்நாடு அவருக்கு வேண்டாததாக இருந்தது.

1890இல் தாயார் நோயுற்றதால் சில காலம் துணையிருக்கத் திண்டிவனம் வந்தார். அங்கே ஓரிரவில் நிகழ்ந்தது பலரும் அறிந்த செய்தி. பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், உயர்குடி இந்து ஒருவர் என மூவர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். தந்தையார் வருகிறார் என்றதும் மூவரும் மறுத்தனர். ஆடவர் கை படுவதைவிடச் சாவு மேல் என்பது அவர்தம் முறைமை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அந்த மூவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஐடா அப்படிச் சொல்லவில்லை. வழக்கத்தை வைதுகொண்டிருப்பதைவிட, அவ்வழக்கத்தின் வாயிலில் நுழையக்கூடிய ஒருவராகத் தாம் ஆவதே செய்யத்தக்கது என்று கண்டார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் பலவற்றிலும் இப்போக்கைக் காணலாம். மாற்ற இயலாததோடு மோதி ஆற்றலை வீணாக்கமாட்டார். மாற்ற இயன்றதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

அமெரிக்கா திரும்பிய அவர் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இறுதியில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அக்கல்லூரியின் முதல் பட்டதாரிகளுள் அவரும் ஒருவர். வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனைக்கு எண்ணாயிரம் டாலர் திரட்டும்படி மிஷனார் பணித்தனர். நியூயார்க்கின் வங்கியாளர் ஷெல் என்பார், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகப் பத்தாயிரம் டாலரை ஒருவராகவே கொடுத்தார். கேட்டதற்கு மேலே வாங்கிக்கொண்டு வந்த பெண் என்பதைக் கவனிக்க வேண்டும். கொடை கேட்பதில் கூச்சம் பார்ப்பவரால் அறநிலையம் நடத்த இயலாது.

தோழி ஆனி ஹான்காக்குடன் 1900ஆம் ஆண்டின் தொடக்க நாளில் வந்திறங்கினார். தந்தையாரிடம் சில ஆண்டுகள் உடனிருந்து தொழில் பழகுவதே எண்ணம். ஐந்து மாதங்களுக்குள் தந்தையார் மறைந்தார். பழக வந்தவர் நடத்த வேண்டியவரானார். இருபத்தொன்பது வயது. அருகில் கேட்டுத் தெளிய மூத்த மருத்துவர் இல்லை. வீட்டின் சிற்றறை ஒன்றே மருந்தகம். சலோமி என்னும் உள்ளூர்ப் பெண்ணே உதவியாள். முதலில் பார்க்கப்போன நோயாளி கைமீறிய நிலையிலிருந்து இறந்துவிட, ஊர் சில காலம் அம்மருந்தகத்தின் பக்கம் திரும்பவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணின் மருந்து உயிரெடுக்கும் என்ற பேச்சு அடங்கி, ஒருவர் இருவராக வந்து, பின் திரளாயினர். ஈராண்டில் ஐயாயிரம் பேருக்கு மருத்துவம் நடந்தது.

1902இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஐடாவின் முதல் ஆட்சி அதுவே. மருத்துவராக இருப்பது வேறு, மருத்துவமனையை ஆள்வது வேறு. மருத்துவர்க்கு முன்னால் ஒரு நோயாளி இருப்பார். அவரிடம் முழு இரக்கமும் காட்டலாம். ஆள்பவர்க்கு முன்னால் நோயாளியும் இருப்பார், நோயாளியின் உற்றாரும் இருப்பர், கைகழுவ மறந்த உதவியாளரும் இருப்பார். உதவியாளரிடம் காட்டும் இரக்கம் நோயாளிக்குக் கேடாய் முடியும். அறுவை அறையில் தூய்மை என்பது அன்பின் வேறு பெயராகிவிடுகிறது. அதைத் தளர்த்துவோர் இனியவராகத் தோன்றலாம், ஆனால் விலை கொடுப்பவர் மேசைமேல் கிடப்பவர். படுக்கை விரிப்பின் சுருக்கம் முதல் தோட்டத்துப் பாத்தி வரை ஒழுங்கு கேட்டவர் ஐடா.

அக்காலத்தில் நோயாளிகளின் உறவினர் மருத்துவமனையிலேயே தங்கிச் சமைத்துப் போடுவர். சாதி ஆசாரம் அதனைக் கோரியது. உணவில் அவ்வழக்கோடு ஒத்துப்போக முடிந்தது. கிருமியோடு ஒத்துப்போக முடியாது. எங்கே வளைவது, எங்கே வளையாதிருப்பது என்ற கணக்கை எந்த நூலும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க இயலாது. நாள்தோறும் வாயிலில் நின்ற கூட்டமே ஆசான்.

தம் கீழ் வேலை செய்வோரைத் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1903இல் மருந்து கலப்போர்க்கான பயிற்சி தொடங்கியது. 1909இல் டீலியா ஹௌட்டனின் துணையோடு செவிலியர் பள்ளி எழுந்தது. பிறர் உடலைத் தொட்டுத் துடைக்கும் வேலை இழிவானது என்று நற்குடிப் பெற்றோர் கருதிய காலம். அப்பெற்றோரின் மனத்தைக் கரைக்க ஒரே வழி, செவிலியின் வேலையை மதிப்புக்குரியதாக ஆக்குவது. மதிப்போ தரத்தால் வருவது. தரத்தைக் குறைத்து ஆளைக் கூட்டியிருந்தால் அது பணிப்பெண் வேலையாகவே நின்றிருக்கும்.

1906 அளவில் அவர் சாலையோர மருத்துவத்தைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளே மருந்தகங்களாயின. மருத்துவமனைக்கு வர இயலாதோரிடம் மருத்துவமனை சென்றது. 1909இல் சிறிய பெஜோ மோட்டார் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. மாடும் குதிரையுமின்றி ஓசையிட்டு வந்த அதனைக் கண்டு முதலில் ஊரார் ஓட்டம் பிடித்தனர். பின்னர் அவ்வோசைக்காகவே காத்திருந்தனர். புண், கண்ணோவு, காய்ச்சல், தொழுநோய் என வரிசை நீளும். தோல் வணிகர் வீட்டுக் கோஷாப் பெண்ணும் தோல் பதனிடும் குழியில் நின்று கால் வெந்த கூலியாளும் ஒரே கையால் மருந்து பெற்ற நிலம் இது. இன்று இதனைச் சமத்துவம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். அன்று அது வெறும் வரிசை முறை.

எத்தனை மரத்தடிக்குத்தான் ஒருவர் போக முடியும்? இக்கேள்வியே மருத்துவப் பள்ளி என்னும் எண்ணத்தை வளர்த்தது. இந்தியப் பெண்களை மருத்துவராக்கினால் அன்றித் திண்டிவனத்து இரவுகள் ஓயமாட்டா. சென்னை மாகாண மருத்துவத் துறைத் தலைவராயிருந்த கர்னல் பிரைசன் என்பாரிடம் இசைவு கேட்கச் சென்றார். சேருவதற்குப் பெண்கள் கிடைப்பார்களா என்றே அவர் ஐயுற்றார். ஆறு பேர் கிடைத்தால் தொடங்கலாம் என்ற அளவில் இசைந்தார். விண்ணப்பங்கள் குவிந்தன. 1918 ஆகஸ்டு 12ஆம் நாள் ஆளுநர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். பதினேழு பெண்கள் சேர்ந்தனர். நாலாண்டு பயின்றால் எல்.எம்.பி. என்னும் சான்று. கருவிகள் கைவிரலில் எண்ணத்தக்கவை, கட்டடமோ இரவல். உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார்.

முதலாண்டுத் தேர்வு நெருங்கியபோது நிகழ்ந்தது சற்றே விரித்துரைக்கத்தக்கது. மாகாணத்தில் ஆடவர் பயின்ற பள்ளிகளிலேயே பெரும்பாலோர் தவறிவிடுவது வழக்கம். ஆதலின் இப்பெண்கள் எவரும் தேறாவிடினும் மனம் உடைய வேண்டா என்று கர்னல் முன்கூட்டியே ஆறுதல் கூறினார். நல்லெண்ணத்தோடு கூறியதுதான். ஆயினும் அந்த இரக்கத்தினுள்ளே ஓர் இழிவு ஒளிந்திருக்கிறது. இவரால் இயலாது என்று முன்னமே முடிவு கட்டிவிட்டுக் காட்டும் கனிவு அது. ஐடா அந்தக் கனிவைத் தம் மாணவியர்க்கு அளிக்க மறுத்தார். மொழி பிடிபடாத, வீட்டை விட்டுப் பிரிந்தறியாத, பிணத்தைத் தொடுவதற்கே நடுங்கும் பெண்களிடம் அவர் ஆடவரிடம் கேட்கப்படும் அளவையே கேட்டார். தேர்வெழுதிய பதினால்வரும் தேறினர். மற்றப் பள்ளிகளில் தேறியோர் ஐவரில் ஒருவர் என்ற கணக்கில் இருந்தனர். கண்டிப்பு என்பது சில வேளை ஒருவர்மேல் வைக்கும் மதிப்பின் அளவாகிவிடுகிறது. கர்னலின் இரக்கத்தில் இல்லாதிருந்தது அம்மதிப்பே.

பள்ளி வளர்ந்த கதை நிதி திரட்டிய கதையும் ஆகும். லூசி பீபாடி அம்மையார் முதலான அமெரிக்கப் பெண்கள் ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக ஊர் ஊராகச் சென்று பணம் சேர்த்தனர். ராக்ஃபெல்லர் குடும்ப அறநிதியும் இணைந்தது. தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் குன்றுகளினிடையே இருநூறு ஏக்கர் அளவில் கல்லூரி வளாகம் உருவாகி 1930களின் தொடக்கத்தில் குடிபுகுந்தது. கல் கட்டடம், தாழ்நிலத் தோட்டம், மலர்ச் செடி என்று ஐடா அழகுக்குச் செலவிட்டதைச் சிலர் வீண் என்றனர். பிணியோடு பொழுதெல்லாம் வாழப் போகிறவர்கள் கண்ணெதிரே அழகிய ஒன்று வேண்டும் என்று அவர் கருதினார் போலும். கவிஞர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவரது இயல்பைக் காட்ட ஒரு சிறு செய்தி. ஐடா டென்னிஸ் ஆட்டத்தில் வல்லவர். அறுபதைக் கடந்த வயதில் கோடைக்கானலில் ஒரு போட்டி. எதிர்த்து ஆட வந்த சிறுவன், ஒரு பாட்டியோடு ஆட நேர்ந்ததே என்று சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. ஓர் ஆட்டமும் விட்டுக்கொடாமல் அவனைத் தோற்கடித்தார். பிள்ளை தானே என்று இரண்டு ஆட்டம் விட்டிருந்தால் அவனும் மகிழ்ந்திருப்பான், பார்ப்பவரும் பாராட்டியிருப்பர். அம்மையார்க்கு அது தோன்றவில்லை.

இனி வருவது அவர் வாழ்வின் கடினமான பகுதி. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனி எம்.பி.பி.எஸ். பட்டமே மருத்துவர்க்கு உரிய தகுதி. முடிவில் பிழையில்லை, இருதரமான மருத்துவம் நாட்டிற்கு ஆகாது. ஆனால் வேலூருக்கு அது இடி. பல்கலைக்கழக இணைப்பு வேண்டுமானால் படுக்கைகள் பெருக வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர் பலர் வேண்டும். இருபது ஆண்டு உழைத்த ஆசிரியைகள் பலருக்கு அத்தகுதி இல்லை. உலகப் போர் வேறு சூழ்ந்தது. பெண்கள் சங்கங்கள் மட்டும் திரட்டும் பணத்தால் இயலாது. ஆடவர் மிஷன்களும் இணைந்தால் இயலும். அவர்கள் இணைய வேண்டுமானால் ஆடவரையும் கல்லூரியில் சேர்க்க வேண்டும்.

பெண்களுக்கென்றே பெண்கள் காசு சேர்த்துக் கட்டிய இடம் அது. ஆடவரைச் சேர்ப்பதற்கு லூசி பீபாடி இசையவில்லை. அமெரிக்காவில் வேலூருக்காக அல்லும் பகலும் உழைத்த ஹில்டா ஓல்சனும் எதிர்த்தார். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. ஆடவர் நுழைந்த இடத்தில் பெண்கள் பின்தள்ளப்படுவர் என்பது எங்கும் கண்ட உண்மை. முப்பதாண்டு நட்பு ஒரு பக்கம். முடிக்கப்படாத பணி ஒரு பக்கம். முதலில் ஐடாவும் தயங்கினார். எழுபதைத் தாண்டிய வயதில், 1941 முதல் போர் முடியும் வரை அமெரிக்காவில் ஊர் ஊராக அலைந்து பணம் திரட்டிக்கொண்டே இவ்வழக்கின் நடுவில் நின்றார். இறுதியில் ஆடவரும் பெண்டிரும் சேர்ந்து பயிலும் கல்லூரிக்கே ஒப்பினார். துரோகம் என்ற சொல்லையும் கேட்க நேர்ந்தது. பழந்தோழியரின் மனம் நோகாதிருக்கத் தாம் உருவாக்கிய பள்ளியை மூடவிட்டிருந்தால் அவரை அன்புடையவர் என்று நினைவு கூர்ந்திருப்பர். வேலூரில் மருத்துவர் உருவாகியிரார். அவ்வகையில் ஐடாவின் முடிவு சரியே. ஆயினும் தோற்றவர்களின் நியாயத்தையும் மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கென இடங்கள் ஒதுக்கியே கல்லூரி பின்னும் நடந்தது என்பதில் அவர்கள் வழக்கின் தடம் இருக்கிறது.

1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு பெண்களோடு தொடங்கியது. 1947இல் ஆடவரும் சேர்ந்தனர். இதனிடையே ஐடா இன்னொன்றும் செய்ய வேண்டியிருந்தது: விலகி நிற்பது. புதிய விதிகளுக்கேற்ற தகுதியுடைய முதல்வர் வேண்டும். தொழுநோய் மருத்துவத்தில் பெயர் பெற்ற ராபர்ட் காக்ரேன் அப்பொறுப்பை ஏற்றார். தாம் கட்டிய வீட்டில் பிறர் சொற்படி நடப்பது எளிதன்று. அதிலும், நாலு பதிற்றாண்டுகளாகத் தம் சொல்லே முடிவாக இருந்தவர்க்கு. 1946இல் ஐடா ஓய்வு பெற்றார். கோடைக்கானலில் ஹில்டாப் என்னும் இல்லத்தில் தங்கினார். ஆண்டில் சில திங்கள் வேலூர் வருவார். பழைய மாணவியர் சூழ்வர். 1940களின் இறுதியில் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி கல்லூரியின் தலைமையை ஏற்றது அவர் கண்டு மகிழ்ந்தவற்றுள் ஒன்று. தம் பெயரையே தாங்கிய அண்ணன் மகள் ஐடா பி. ஸ்கடர் கதிரியல் துறையை வளர்ப்பதையும் அருகிருந்து பார்த்தார். வெறும் டாக்டர் ஐடா, இந்தியா என்று மேல்விலாசமிட்ட கடிதம் ஒன்று தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்ததாம்.

1960 மே மாதத்தில், எண்பத்தொன்பதாம் வயதில், கோடைக்கானலில் காலமானார். 2000ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வேலூர்க் கல்லூரியின் நூற்றாண்டை ஒட்டி அவர் உருவத்தோடு தலை வெளியிட்டது. நாற்பது படுக்கைகளோடு தொடங்கிய ஷெல் மருத்துவமனை ஆரணி சாலையில் கண் மருத்துவத்திற்கென நடந்துவருகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து முதியோர் அங்கே கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, பேரன் கைபிடித்து வரிசையில் நிற்கிறார்கள்.